தண்ணீர் அவள், கோடு அவன்

காலை பதினொன்று இருபதுக்கு அவள் மருந்துக் குப்பியைச் சுற்றியிருந்த அலுமினியத் தாளைப் பிரித்தாள்.

காலியாக இருக்க வேண்டிய குப்பி. பாதி இருந்தது.

ஜன்னலுக்கு நேரே தூக்கிப் பிடித்தாள். சாய்த்தாள். தண்ணீர் போன்ற திரவம் மெதுவாகச் சாய்ந்து மெதுவாக நிமிர்ந்தது. பாதிதான்.

பத்து நாள் மருந்து அது. காலை ஒன்று, மாலை ஒன்று. இருபது ஊசி. இருபதாவது இன்று காலை போயிற்று. அவன் போட்டான். அவள் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு நின்றாள். ஊசி போடும்போது அவள் எப்போதும் அங்கேதான் நிற்பாள். குழாய்ச் சத்தத்தையும் மீறி மகள் கத்தியது கேட்டது. "அப்பா, நீ எண்ணாம குத்திட்ட! மூணு எண்ணிட்டுத்தான் குத்தணும்!"

ஒரு வேளைகூடத் தவறவில்லை. இருபதும் போய்ப் பாதி மிச்சம் என்றால், ஒவ்வொரு ஊசியிலும் பாதிதான் போயிருக்கிறது.

அவள் ஃப்ரிட்ஜுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தாள்.

மகளுக்கு ஆறு வயது. வீட்டில் கூப்பிடும் பெயர் மிளகு. பிறந்தபோது அவ்வளவு சின்னது, அவ்வளவு காரம். அவள் உடம்பு இன்சுலினை நிறுத்தாமல் சுரந்துகொண்டிருந்தது. இரத்தத்தில் இருக்கும் சர்க்கரையை அது தின்றுவிடும். கேள்விப்பட்டவர்கள் எல்லாரும் ஒன்றையே சொன்னார்கள். "ஐயோ, இந்த வயசுலயே சுகரா? இனிப்பே குடுக்காதீங்க." அது நேரெதிர் என்று சொல்லிச் சொல்லி அவளுக்கு வாய் வலித்தது. பிறகு, "ஆமாங்க, சுகர்தான்" என்று சொல்லிவிட்டுக் கையில் எப்போதும் சர்க்கரைப் பொட்டலத்தோடு நடந்தாள்.

அதை அடக்கும் மருந்து ஒரு பொடி. பெப்டைடு என்றார் டாக்டரம்மா. உறைய வைத்து உலர்த்தியது. குப்பியின் அடியில் வெள்ளை வில்லையாக ஒட்டிக் கிடக்கும். தண்ணீர் ஊற்றிக் கரைத்தால்தான் மருந்து. எவ்வளவு தண்ணீர் என்பதில் எல்லாம் இருக்கிறது.

டாக்டரம்மா ஒரு காகிதத்தின் பின்பக்கம் வரைந்து காட்டினார். பொடி ஐந்து மில்லிகிராம். தண்ணீர் ஒரு மில்லி. சிரிஞ்சில் ஒரு மில்லிக்கு நூறு கோடு. நூறு கோட்டில் ஐந்து மில்லிகிராம் என்றால் பத்துக் கோட்டில் அரை.

"அரைதான் உங்க பொண்ணுக்கு. குறைஞ்சா சர்க்கரை இறங்கும். கூடினா இதயத் துடிப்பு இறங்கும். என்ன ஆனாலும் சரி, அரைக்கு மேல மட்டும் வீட்டுல வச்சுப் போகாதீங்க. அப்ப நான் பக்கத்துல இருக்கணும்."

அவள் பேக்கரியில் மாவு பிசைபவள். அவன் லேத்தில் இரும்பு கடைபவன். கலப்பது அவளுக்கு வந்தது. கோடு பார்ப்பது அவனுக்கு வந்தது. மூன்றாவது வாரம் அவள் கலக்கும்போது அவன் தோளுக்குப் பின்னால் வந்து நின்றான்.

"தண்ணி சரியாப் பார்த்தியா?"

"நீங்க கோடு சரியாப் பார்த்தீங்களா நேத்து?"

"நான் நூலு பிசகாமக் கடையிறவன்."

"நான் மூட்டை மூட்டையாப் பிசையிறவ. ஒரு நாளாவது ரொட்டி கல்லாப் போச்சா?"

அது இரண்டு நாள் சண்டையாக வளர்ந்தது. பழசெல்லாம் வெளியே வந்தது. அவன் தங்கை கல்யாணம், இவள் அண்ணன் சொன்ன சொல், எல்லாம். மிளகு கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டு, "எனக்கு ஊசியும் வேணாம், நீங்களும் வேணாம்" என்றாள். அன்றைக்கு அவன்தான் இறங்கி வந்தான்.

"சரி முதலாளியம்மா. தண்ணி உன் பாடு. கோடு என் பாடு. இனிமே ஒருத்தர் வேலைல ஒருத்தர் மூக்கை நுழைக்கக் கூடாது."

"சத்தியமா?"

"மிளகு மேல சத்தியமா."

அதற்குப் பிறகு வீட்டில் அமைதி. யாரும் யாரையும் கேட்கவில்லை. வெளிச்சம் படக் கூடாது என்பதால் அவள் குப்பியைத் தாளில் சுற்றி ஃப்ரிட்ஜ் கதவில் வைப்பாள். அவன் சுற்றிய தாளோடு கவிழ்த்து ஊசியில் ஏற்றுவான். உள்ளே எவ்வளவு இருக்கிறது என்று இருவரும் பார்ப்பதில்லை.

போன தடவை மருந்துக் கடையில் பழைய குப்பி இல்லை. கடைத் தம்பி வேறு பெட்டி இரண்டை எடுத்து வைத்தான்.

"அக்கா, கம்பெனி ஒண்ணுதான். ஆனா இது பத்து. பழசு அஞ்சு. அதே மாதிரி கலந்துடாதீங்க."

அவளுக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. மாவு இரண்டு பங்கானால் தண்ணீர் இரண்டு பங்கு. பிசைந்து வருவது அதே மாவு. ஒரு மில்லித் தண்ணீர் அடைத்த சின்னக் கண்ணாடி ஆம்பூல்களைக் கூடுதலாகக் கேட்டு வாங்கினாள். ஒரு குப்பிக்கு இரண்டு. பத்து மில்லிகிராம், இரண்டு மில்லி. பத்துக் கோட்டில் அதே அரை. அவன் பாட்டுக்குப் பத்துக் கோடு போட்டுக்கொண்டு போகட்டும். அவனுக்கு எதையும் சொல்ல வேண்டாம். அன்று வேலைக்குப் போகும்போது தன்னைத்தானே மெச்சிக்கொண்டாள்.

பெட்டியில் பெரிய எழுத்தில் பத்து என்று போட்டிருக்கிறது. அவனுக்கும் கண் இருக்கிறது. அதை அவள் நினைக்கவில்லை.

அவன் பார்த்திருக்கிறான். அவன் தொழிலில் உலோகம் மாறினால் உளி இறங்கும் அளவை மாற்றுவார்கள். மருந்து இரண்டு மடங்கு காரம். கோட்டைப் பாதியாக்கினான். ஐந்து. அவனும் அவளிடம் சொல்லவில்லை. கோடு அவன் பாடு.

அவள் செய்தது சரி. அவன் செய்தது சரி. இரண்டு சரியும் சேர்ந்து பிள்ளைக்குப் பாதி மருந்து.

பத்து நாளாக மிளகு சரிந்துகொண்டிருந்தாள். முதலில் காலையில் எழுந்திருக்கத் தாமதம். பிறகு வியர்வை. பிறகு பள்ளிக்கூடத்தில் கரண்டியைக் கையில் பிடித்தபடியே சுவரைப் பார்த்துக்கொண்டிருந்ததாக டீச்சர் சொன்னார். கூப்பிட்டால் திரும்பவில்லை. விரல் நுனியில் குத்திப் பார்த்தால், எழுபதுக்குக் கீழே போகக் கூடாத சர்க்கரை நாற்பத்திரண்டு. முந்தாநாள் முப்பத்தெட்டு. அவன் சர்க்கரைக் கரைசலை அவள் கன்னத்துக்குள் தடவிக்கொண்டே, "மிளகு, அப்பா பேரு சொல்லு, பேரு சொல்லு" என்று கத்தினான். அவள் வெகுநேரம் கழித்து, "எந்த அப்பா?" என்றாள்.

நேற்று டாக்டரம்மா எண்களைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"டோஸ் அரைதானே?"

"ஆமா டாக்டர்" என்றார்கள் இருவரும்.

"ஒரே நேரத்துல சொல்றீங்க. நல்ல ஜோடி." அவர் சிரித்தார். பிறகு சிரிப்பை எடுத்துவிட்டார். "அப்ப மருந்து கேக்கல. சில பிள்ளைங்களுக்குக் கொஞ்ச நாள் கேட்டுட்டு நின்னுடும். நாளன்னிக்குக் காலைல அட்மிட் பண்ணுங்க. ஊசி போட்டே கூட்டிட்டு வாங்க. எண் நிக்குதான்னு பார்ப்பேன். நிக்கலைன்னா கணையத்தை எடுத்துடலாம். முக்கால்வாசிக்கு மேல போகும். அப்புறம் ஆயுசுக்கும் இன்சுலின்."

"வேற வழி?"

"இதுதான் வேற வழி."

படி இறங்கும்போது அவன் மகளைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தான். கீழே வந்ததும் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றான். தோள் குலுங்கியது. மிளகு அவன் முதுகில் தட்டிக்கொடுத்தாள். "அழாதப்பா. உனக்கா ஊசி?"

இப்போது தரையில் உட்கார்ந்திருந்த அவளுக்கு முதலில் வந்தது மகிழ்ச்சி. அதை நினைத்துப் பிறகு வெட்கப்பட்டாள். மருந்து கேட்கிறது. கேட்காமல் இல்லை. கொடுக்கவில்லை, அவ்வளவுதான். வெட்ட வேண்டியதில்லை.

போனை எடுத்தாள். மணி நாலு தடவை அடித்தபின் அவன் எடுத்தான். பின்னால் லேத் கத்தியது.

"என்ன? சீக்கிரம் சொல்லு, ஃபோர்மேன் பார்க்கிறான்."

"ஒண்ணுமில்ல."

"பிள்ளை?"

"மாடி அக்கா கூட விளையாடிட்டிருக்கா. அம்பத்தஞ்சு இருந்துச்சு. ஜூஸ் குடுத்திருக்கேன்."

"அம்பத்தஞ்சா." அவன் லேத்தை விட்டுத் தள்ளி வந்தான். "நான் நேத்துலேர்ந்து யோசிக்கிறேன். என் கையில ஏதாச்சும் தப்பா? ஊசி ஆழமாப் போகலையோ? தோலோட நின்னுடுதோ?"

அவள் வாயைத் திறந்தாள்.

அவன் குரல் நேற்றுச் சுவரைப் பார்த்து நின்ற முதுகைப் போல இருந்தது. பத்து நாள் பாதி மருந்து. அவன் கையால். சொன்னால் அந்தக் கை நடுங்கும். நடுங்கும் கையோடு இன்று மாலையும் நாளைக் காலையும் ஊசி போட வேண்டும்.

"உங்க கையில ஒரு தப்பும் இல்ல" என்றாள். "ஆறரை ஊசியை மறந்துடாதீங்க."

"நான் எப்ப மறந்தேன்?" வைத்துவிட்டான்.

அவள் எழுந்தாள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவினாள். இரண்டாவது பெட்டியைப் பிரித்தாள். புதுக் குப்பி. அடியில் வெள்ளை வில்லை.

அவன் ஐந்து கோடுதான் போடுவான். சரி, ஐந்தே போடட்டும். அவள் தண்ணீரை மாற்றினால் போதும். பத்து மில்லிகிராம், ஒரு மில்லி. நூறு கோட்டில் பத்து. பத்துக் கோட்டில் ஒன்று. ஐந்து கோட்டில் அரை.

மேசையில் விரலால் மறுபடி எழுதிப் பார்த்தாள். ஐந்து கோட்டில் அரை. இன்னொரு முறை. அரை.

ஒரு ஆம்பூலை உடைத்தாள். ஒரு மில்லியை ஏற்றிக் குப்பியின் சுவரோரமாக விட்டாள். பொடி மேல் நேராக அடிக்கக் கூடாது. குலுக்கக் கூடாது. உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்து உருட்டினாள். வில்லை ஓரத்திலிருந்து கரைந்து, நடுவில் ஒரு புள்ளியாகி, இல்லாமல் போயிற்று.

தாளைச் சுற்றினாள். ஃப்ரிட்ஜ் கதவில் வைத்தாள்.

பழைய குப்பியின் மிச்சத்தைச் சிரிஞ்சால் உறிஞ்சிக் கழுவுதொட்டியில் விட்டாள். குழாயைத் திறந்தாள். அவனுக்குத் தெரியவே வேண்டாம். ஒருநாள் பிள்ளை பெரியவளாகி, நன்றாக ஆனபின், சிரித்துக்கொண்டே சொல்லலாம். அல்லது சொல்லாமலே இருந்துவிடலாம்.

மாடிக்குப் போய் மிளகின் நெற்றியில் முத்தம் கொடுத்தாள். "அம்மா, உன் கை மருந்து நாத்தம்" என்றாள் மிளகு.

"நாளைலேர்ந்து ரொட்டி வாசனை வரும்."

"பொய்."

பேக்கரியில் போன்களை ஒரு டப்பாவில் போட்டுப் பூட்டிவிடுவார்கள். மாவில் ஒருமுறை யாரோ போனைத் தவறவிட்டதிலிருந்து அப்படி. வேலை முடிந்தால்தான் கிடைக்கும். பன்னிரண்டரையிலிருந்து அவள் பிசைந்தாள். இயந்திரம் பிசைந்ததை வெட்டினாள், எடை போட்டாள், உருட்டினாள். பத்து நாளில் முதல்முறையாகக் கை தன்பாட்டில் ஓடியது.

"என்னடி, இன்னைக்கு முகத்துல பல்பு எரியுது?" என்றாள் அடுப்புக்காரி.

"எரியக் கூடாதா?"

"எரியட்டும் எரியட்டும். கரண்ட் பில்லை உன் புருஷன் கட்டிடுவான்."

ஆறரைக்குச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். இப்போது குப்பியைக் கவிழ்க்கிறான். இப்போது குமிழியைத் தட்டி வெளியேற்றுகிறான். மிளகு மூன்று எண்ணுகிறாள். ஐந்து கோடு. அரை. முதல்முறையாக முழு அரை.

எட்டு மணிக்குப் போன் கையில் வந்தது. அவனிடமிருந்து மூன்று அழைப்புகள். எல்லாம் ஆறே காலுக்குப் பக்கத்தில். அவளால் அன்றைக்கு எதையும் கெட்டதாக நினைக்க முடியவில்லை. ஆனாலும் திருப்பி அழைத்தாள். மணி அடித்து நின்றது. பஸ்ஸில் ஏறி மறுபடி அழைத்தாள். எடுக்கவில்லை.

அவன் வாசலிலேயே நின்றான். உதட்டில் விரல் வைத்தான். கண் சிவந்திருந்தது, ஆனால் சிரித்தான்.

"தூங்கிட்டா. அதான் எடுக்கல. நீ முதல்ல இதைப் பாரு."

சர்க்கரை பார்க்கும் கருவியை அவள் முகத்துக்கு நேரே நீட்டினான். நூற்றுப் பதினெட்டு.

"நூத்துப் பதினெட்டு! எப்பப் பார்த்தோம் இந்த மாதிரி? நான் ரெண்டு தடவை குத்திப் பார்த்தேன். பாவம், திட்டிக்கிட்டே தூங்கிட்டா."

அவளுக்கும் சிரிப்பு வந்தது. பையைக் கீழே வைத்தாள். அரைக்கே நூற்றுப் பதினெட்டா என்று ஒரு நொடி தோன்றியது. போகட்டும் என்று விட்டாள்.

"உக்காரு. ஒண்ணு சொல்றேன். திட்டக் கூடாது. அடிச்சாலும் வாங்கிக்கிறேன்."

"என்ன?"

"சாயந்திரம் ஊசி வாங்க மருந்துக் கடைக்குப் போனேன். கடைத் தம்பி கேட்டான், அண்ணே, அக்கா ஒரு பாட்டிலுக்கு ரெண்டு தண்ணின்னு கணக்குப் போட்டு வாங்கிட்டுப் போனாங்களே, பத்துச்சா, இன்னும் வேணுமான்னு." அவன் கருவியை இடது கைக்கு மாற்றினான். "எனக்கு அங்கேயே உறைச்சுது. நீ சரியாத்தான் கலந்திருக்க. நான்தான் பெட்டியில பத்துன்னு பார்த்துட்டுக் கோட்டைக் குறைச்சுட்டேன். உன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா… பத்து நாளா என் பிள்ளைக்கு நானே பாதி மருந்து குடுத்திருக்கேன். உனக்குப் போன் மேல போன் போட்டேன். எடுக்கல. சரி, தண்ணி உன் பாடு, அதுல தப்பு வராது. தப்பு என்னுது, நானே சரி பண்ணிட்டேன்."

அவள் ஃப்ரிட்ஜ் பக்கம் திரும்பினாள்.

"என்னடி, திட்டு. பேசாம இருந்தா பயமா இருக்கு."

"எத்தனை கோடு?"

"பழைய மாதிரிதான். பத்து."

அவள் அறைக்குள் ஓடினாள். விளக்கைப் போட்டாள். மிளகு ஒருக்களித்துக் கிடந்தாள். உதட்டோரம் காய்ந்த ஏதோ ஒட்டியிருந்தது.

"வாந்தி எடுத்தாளா?"

"ஒரு தடவை. நாளைக்கு ஆஸ்பத்திரின்னு சொன்னேன்ல, பயத்துல… ஏன்?"

அவள் குனிந்து மகளின் நெஞ்சில் காதை வைத்தாள். ஒன்று. காத்திருந்தாள். இரண்டு. அதற்கும் அடுத்ததற்கும் நடுவே தெருவில் ஒரு வண்டி வந்து போகும் அளவு இடம் இருந்தது. மூன்று.

"மிளகு. மிளகு, எழுந்திரும்மா. அம்மா வந்திருக்கேன் பாரு."

கண் பாதி திறந்தது. மூடிக்கொண்டது. கை சில்லென்று இருந்தது.

"என்ன ஆச்சு? நூத்துப் பதினெட்டு இருக்கே?" அவன் கருவியை இன்னும் கையில் பிடித்திருந்தான்.

"இன்னைக்கு ஒரு தண்ணிதான் ஊத்தினேன்."

"என்ன?"

"மத்தியானம் பார்த்தேன். பாட்டில் பாதி இருந்துச்சு. நீங்க அஞ்சு போடுறீங்கன்னு புரிஞ்சுது. அஞ்சுக்கு ஏத்த மாதிரி கலந்து வச்சேன்."

அவன் உதடுகள் அசைந்தன. பத்து, ஒரு மில்லி, நூறு கோடு. கணக்கு அவன் முகத்தில் ஓடி, முடிந்து, நின்றது.

"போன்ல கேட்டேனே" என்றான். "என் கையில தப்பான்னு கேட்டேனே."

"கேட்டீங்க."

அவன் மகளை வாரி எடுத்தான். போர்வையோடு. அவள் செருப்பைத் தேடவில்லை. கதவைப் பூட்டவில்லை. இரண்டு மாடி. அவன் முன்னால் இறங்கினான். மிளகின் கால் அவன் இடுப்பில் இடித்து இடித்து ஆடியது. மாடி அக்கா மேலிருந்து, "என்னம்மா? என்ன சத்தம்?" என்றாள். அவள் நிற்காமல் இறங்கிக்கொண்டே டாக்டரம்மாவின் எண்ணை அழுத்தினாள். விரல் இரண்டு தடவை வழுக்கியது. ஸ்பீக்கரைப் போட்டாள்.

தெருவில் அவன் கையைக் காட்டினான். ஒரு வண்டி நிற்காமல் போயிற்று. அடுத்தது நின்றது. பின் இருக்கையில் மகளைக் குறுக்கே படுக்க வைத்தார்கள். தலை அவள் மடியில். கால் அவன் மடியில். அவன் மகளின் நெஞ்சில் கையை வைத்து எண்ணிக்கொண்டிருந்தான். சத்தமில்லாமல். எண்கள் மிக மெதுவாக வந்தன.

"ஹலோ?" என்றார் டாக்டரம்மா.

"டாக்டர், மிளகு எழுந்திரிக்க மாட்டேங்கிறா. கை சில்லுன்னு இருக்கு. வாந்தி எடுத்திருக்கா. வந்துட்டிருக்கோம்."

"சர்க்கரை எவ்வளவு?"

"நூத்துப் பதினெட்டு."

"நூத்துப் பதினெட்டா? அப்ப சர்க்கரை இல்ல. துடிப்பு எண்ணிப் பார்த்தீங்களா?"

"அம்பதுகூட இல்ல டாக்டர்" என்றான் அவன்.

அந்தப் பக்கம் நாற்காலி நகரும் சத்தம். யாரிடமோ ஏதோ சொன்னார். திரும்பி வந்தார். நேற்றுக் கேட்ட அதே நிதானமான குரல்.

"பதறாதீங்க. நான் வாசல்லயே நிக்கிறேன். ஒண்ணு மட்டும் சரியாச் சொல்லுங்க, அரைதானே போட்டீங்க?"